பேச்சுத் தமிழ் எழுத்தேறிய கதை

நூலுக்கும் மேடைக்கும் ஒரு தமிழ், வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு தமிழ் என்ற இரட்டை வழக்கு நெடுங்காலமாக உண்டு. இணையம் வரும்வரை சொந்தக் கடிதங்கள்கூட நூல் வழக்கின் பக்கமே சாய்ந்திருந்தன. தலைப்பில் பிள்ளையார் சுழி, 'நலம், நலமறிய ஆவல்' என்ற தொடக்கம், 'மற்றவை நேரில்' என்ற முடிப்பு என அவற்றுக்கென்று ஒரு சட்டகம் இருந்தது. நேரில் 'வந்துட்டேன்' என்பவர் கடிதத்தில் 'வந்து சேர்ந்தேன்' என்று எழுதினார். அச்சில் பேச்சு மொழி பெரும்பாலும் கதைமாந்தரின் உரையாடலில் மட்டுமே இடம்பெற்றது. கி. ராஜநாராயணன் போன்ற சிலர் அதைக் கதை சொல்லும் நடையாகவும் ஆக்கினர்.

இணையத்தில் தமிழுக்கு வந்த முதல் தடை எழுத்துருவில் இருந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் வலைப்பக்கம் வெளிவந்தது. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்ததால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. தட்டச்சு முறையைச் சீராக்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவானது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்த யூனிகோடு பின்னர் உலகப் பொதுவாகி, 2010இல் தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது.

கைபேசியில் தடை இன்னும் கூர்மையாக இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160 குறிகள் அடங்கும். யூனிகோடு தமிழானால் 70தான். புள்ளிக்கும் தனிக் குறி வேண்டும் என்பதால், கண்ணுக்கு ஐந்து எழுத்தான 'வணக்கம்' ஏழு குறிகளைத் தின்றது. பல கைபேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. ஆகவே ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவது வழக்கமாயிற்று. இது முற்றிலும் புதிதன்று. 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூலே ரோமன் எழுத்தில்தான் இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துக்கு மாறியது.

ரோமன் எழுத்தில் குறில்–நெடில் வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் பலர் காட்டுவதில்லை. பலம், பாலம், பழம் மூன்றும் ஒரே வடிவில் வரக்கூடும். எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். நூல் வழக்கின் நீண்ட வினைமுற்றுகளை இப்படி எழுதுவது கடினம்; பேசுவதை அப்படியே தட்டுவது எளிது. பேச்சு மொழி எழுத்துக்குள் பெருமளவில் நுழைந்த வாசல்களில் இது முக்கியமானது.

முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற மென்பொருள்களும், 2013இல் ஐபோனில் வந்த தமிழ் விசைப்பலகை போன்ற வசதிகளும் தமிழ் எழுத்தை மீண்டும் எளிதாக்கின. எழுத்து திரும்பியது, நூல் வழக்கு அதனுடன் திரும்பவில்லை. 'என்ன பண்றே', 'வந்திருக்கேன்' என்பவை தமிழ் எழுத்திலேயே எழுதப்பட்டன. மதுரையின் 'வந்தாய்ங்க', யாழ்ப்பாணத்தின் 'என்ன செய்யிறியள்' போன்ற வட்டார வடிவங்களும் அன்றாட எழுத்தாயின.

இந்த எழுத்துக்கு இலக்கணநூல் கிடையாது, பழக்கமே விதி. 'பண்றேன்' என்றும் 'பன்றேன்' என்றும் எழுதுகிறார்கள். 'வந்தாள்', 'வந்தால்' இரண்டும் 'வந்தா' ஆகின்றன. 'வந்தான்' என்பதன் ஈறு பேச்சில் வெறும் மூக்கொலியாகத் தேய்ந்தாலும், குழப்பம் தவிர்க்க எழுத்தில் 'ன்' பெரும்பாலும் நிற்கிறது. அழைப்பையும் வியப்பையும் நீட்டிக் காட்ட 'அம்மாாா' என்று துணைக்காலைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நெடிலுக்குப் பின் அதன் இனக் குறிலை எழுதி ஓசையை நீட்டும் பழைய உயிரளபெடையை இது நினைவூட்டுகிறது.

தேர்வுத்தாள், அரசாணை, செய்தி அறிக்கை ஆகியவை இன்றும் நூல் வழக்கிலேயே எழுதப்படுகின்றன. முன்பு பேசுவதா, எழுதுவதா என்பதே இரு வழக்குகளுக்கும் இடையே பெரும்பாலும் எல்லையாக இருந்தது. இப்போது யாருக்கு எழுதுகிறோம் என்பது அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.