குண்டு வெடித்தால் ஓர் அடி தண்டம்

மருதானையில் ஏறி அவிசாவளைப் பக்கம் போகும் களனிவெளிக் கோச்சி, பொரளைப் பகுதியில் ஒரு கோல்ப் மைதானத்தின் நடுவால் போகும். ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம் அது. 1879இல் காலிமுகத் திடலில் ஆட ஆரம்பித்து, பிறகு இங்கே வந்து சேர்ந்தவர்கள். போன மாதம் ஒரு வேலையாக அந்தக் கோச்சியில் போனேன். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தொப்பி போட்ட ஒருவர் மட்டையை நிலத்தில் ஊன்றியபடி நாங்கள் கடந்து போகும்வரை பொறுமையாகக் காத்து நிற்பதைக் கண்டேன். உடனே எனக்குள் வாத்தியார் புத்தி வேலை செய்தது. இவர் அடிக்கும் பந்து கோச்சியில் பட்டால் என்ன கணக்கு? ஜன்னலால் உள்ளே விழுந்து அவிசாவளைக்கே போய்விட்டால்?

கோல்ப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் கேள்வி வந்தால் நித்திரை வராத சாதி நான். நான்கு இரவுகள் தேடிப் படித்ததில் ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

கோச்சிக் கேள்விக்குப் பதில் சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றில் தற்செயலாகப் பந்து பட்டால் தண்டனை இல்லை. எங்கே போய் நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த அடி. கோச்சியோடு பந்து போய்விட்டால், அது எந்த இடத்தில் ஏறியதோ அதற்குக் கீழே வேறு பந்தைப் போட்டு ஆடலாம். இது உலகத்துக்கெல்லாம் பொதுவான விதி. ஆனால் தண்டவாளத்தின் கல்லுக்கு நடுவே பந்து சிக்கினால்? அதற்குப் பொது விதிப் புத்தகத்தில் மட்டும் பதில் தேடினால் போதாது. ஏனென்றால் கிரிக்கெட் ஆடுகளம் எங்கே போனாலும் 22 யார். கோல்ப் மைதானம் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. ஒன்றுக்குள் ஆறு ஓடும், இன்னொன்றுக்குள் வீதி போகும். உகண்டாவில் ஜிஞ்சா என்ற ஊரில் நைல் நதியிலிருந்து நீர்யானைகள் ஏறி வந்து புல்லை மிதித்துவிட்டுப் போகும். அந்தக் காலடிக் குழியில் விழுந்த பந்தைத் தண்டனையில்லாமல் எடுத்துவிடலாம் என்று அந்தக் கழகம் விதி வைத்திருந்தது. இப்படி ஒவ்வொரு கழகமும் தன் மண்ணுக்கேற்பப் போட்டுக்கொள்வதுதான் உள்ளூர் விதிகள். புள்ளி எழுதும் அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அனேகமாக யாரும் வாசிப்பதில்லை. பரீட்சை வினாத்தாளின் முதல் பக்கத்து அறிவுறுத்தல்களை எங்கள் பிள்ளைகள் வாசிப்பதில்லையே, அதுபோலத்தான்.

ஆனால் வரலாறு இந்தச் சின்ன எழுத்துக்குள்தான் இருக்கிறது. எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ப் விதிகள் 1744இல் ஸ்கொட்லாந்தில் எழுதப்பட்டவை. எடின்பரோ நகரசபை ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாகக் கொடுக்க, லீத் என்ற கரையோரத் திடலில் போட்டி நடந்தது. அதற்காக 13 விதிகளை எழுதினார்கள். பத்தாவது விதி, ஒரு மனிதனோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்கிறது. நாய் செய்த வேலைக்கு மேல்முறையீடு கிடையாது.

பதின்மூன்றாவது விதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. திடலைப் பாதுகாக்க வெட்டிய கான்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடத் தோண்டிய குழிகளும், படைவீரர்களின் அணிக் குழிகளும் ஆட்டத்தின் தடைகளாகக் கணக்கெடுக்கப்படமாட்டா, அவற்றில் விழுந்த பந்தை வெளியே எடுத்து ஆடலாம் என்கிறது அது. அந்த ஒரு விதியிலிருந்து அந்தத் திடலைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் கனவான்கள், இன்னொரு பக்கம் பிள்ளைகள், நடுவில் சிப்பாய்கள். ஒரே புல்வெளி.

அந்த முதல் போட்டியில் வென்றவர் ஜோன் ராட்ரே என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். விதிகளின் கீழே கையெழுத்திட்டவரும் அவரே. அடுத்த வருடமே ஸ்கொட்லாந்தில் கிளர்ச்சி மூண்டது. ராட்ரே கிளர்ச்சிப் படையின் வைத்தியராகப் போனார். 1746இல் கலோடன் போரில் தோற்ற பின்னர் பிடிபட்டார். கூட கோல்ப் ஆடிய டங்கன் போர்ப்ஸ் அப்போது நாட்டின் மூத்த நீதிபதி, அரசாங்கத்தின் பக்கம் நின்றவர். அவர் பேசித்தான் ராட்ரேயைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றினார். அதாவது எழுதப்பட்ட முதல் விதித்தாளிலேயே யுத்தத்தின் நிழல் விழுந்திருக்கிறது.

இனி 196 வருடங்கள் தாண்டி, அப்போது லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த ரிச்மண்டுக்கு வருவோம்.

1940 செப்டெம்பர் 7ஆம் திகதி லண்டன் மீது ஜேர்மன் விமானங்களின் பெருந்தாக்குதல் தொடங்கியது. அடுத்த மே மாதம் வரை நீடித்த அந்தக் குண்டுவீச்சில் பிரித்தானியா முழுவதும் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ரிச்மண்ட் கோல்ப் கழகத்தின் காணிக்குள்ளும் குண்டு விழுந்து, வெளிக்கட்டிடம் ஒன்று சேதமானது. கழகத்தார் மைதானத்தை மூடவில்லை. தற்காலிக விதிகள் என்று ஏழு விதிகளை எழுதினார்கள். அவற்றை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதலாவது, குண்டுச் சிதறல்களை ஆட்டக்காரர்கள் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புல்வெட்டும் இயந்திரம் பழுதாகிவிடும். இரண்டாவது, போட்டி நடக்கும்போது துப்பாக்கிச் சூடோ குண்டு வீழ்ச்சியோ இருந்தால், ஆட்டத்தை நிறுத்தி ஒதுங்குவதற்குத் தண்டனை இல்லை. மூன்றாவது, தாமதித்து வெடிக்கும் குண்டுகள் கிடக்கும் இடங்கள் சிவப்புக் கொடியால் காட்டப்பட்டுள்ளன. கொடி நடப்பட்டிருக்கும் தூரம் ஓரளவு பாதுகாப்பானது, ஆனால் உத்தரவாதம் கிடையாது. நான்காவது, பந்துக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் கிடக்கும் சிதறலை அகற்றலாம், அப்போது பந்து அசைந்தாலும் குற்றமில்லை. ஐந்தாவது, எதிரியின் நடவடிக்கையால் பந்து நகர்ந்தால் பழைய இடத்தில் வைக்கலாம். தொலைந்தாலோ அழிந்தாலோ வேறு பந்து போடலாம், தண்டனை இல்லை. ஆறாவது, குண்டுக் குழியில் விழுந்த பந்தை வெளியே எடுத்து ஆடலாம், அதற்கும் தண்டனை இல்லை.

ஏழாவது: அடிக்கும் அதே கணத்தில் குண்டு வெடித்து அடி பாதிக்கப்பட்டால், அதே இடத்திலிருந்து வேறு பந்தை ஆடலாம். தண்டனை ஓர் அடி.

இதை வாசிக்கும் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வெள்ளைக்காரனின் அலட்டிக்கொள்ளாத குணத்துக்கு உதாரணமாக உலகம் முழுக்க இந்தத் தாள் சுற்றியது. பெர்லின் வானொலியிலிருந்து ஆங்கிலத்தில் நையாண்டி செய்துகொண்டிருந்த வில்லியம் ஜோய்ஸ் இதையும் விடவில்லை. இது ஆங்கிலேயச் சீமான்களின் போலி வீரம், ஜேர்மன் விமானப்படை இராணுவ இலக்குகளை மட்டும்தானே தாக்குகிறது என்ற பாணியில் பேசினார். (அவரை 1946 ஜனவரியில் தேசத்துரோகக் குற்றத்துக்காக லண்டனில் தூக்கிலிட்டார்கள்.) இராணுவ இலக்கு என்ற கதை பொய் என்பது செத்த 40,000 பேருக்குத் தெரியும். ஆனால் சீமான் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கிழக்கு லண்டனில் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சனம் சுரங்க ரயில் நிலையத் தரையில் படுத்துக் கிடந்த நாட்களில், பின்னேரம் கோல்ப் ஆட முடிந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இருந்தாலும் இந்தத் தாளை வெறும் பகிடி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. வரிவரியாகப் பார்த்தால் அது வேலை செய்யும் சட்டம். புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றிய விதியை எடுங்கள். லண்டன் வானத்திலிருந்து விழுந்த இரும்பில் எதிரியின் குண்டு மட்டும் இருக்கவில்லை. விமானங்களை நோக்கித் தரையிலிருந்து சுட்ட பீரங்கிகளின் ஷெல்லும் மேலே வெடித்துத் துண்டு துண்டாகத் திரும்பக் கீழேதான் விழுந்தது. லண்டன் பிள்ளைகள் விடிந்ததும் ஓடிப்போய் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் நாங்கள் வெற்றுத் தோட்டாக்கூடு பொறுக்கியது நினைவுக்கு வருகிறது. பெரிய கூட்டுக்கு இரண்டு சின்னக்கூடு என்று விலை வைத்திருந்தோம். உம்மா கண்டால் அடி விழும்.

சிவப்புக் கொடி விதியும் பகிடி இல்லை. அந்த செப்டெம்பர் 12ஆம் திகதி லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் விழுந்த பெருங்குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதைத் தோண்டி எடுக்க மூன்று நாள் பிடித்தது. அப்படியான ஒன்று எப்போது வெடிக்கும், எவ்வளவு தூரத்துக்கு அடிக்கும் என்று ஒரு கோல்ப் கழகத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். எத்தனை சுற்றறிக்கைகளை வாசித்திருக்கிறேன், இந்த அளவு நேர்மையை நான் கண்டதில்லை.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து வைத்திருப்பது ஐந்தாவது விதிக்கும் ஏழாவது விதிக்கும் இடையிலான வித்தியாசம். குண்டு பந்தை நகர்த்தினால் தண்டனை இல்லை. குண்டு உங்கள் கையை நடுங்க வைத்தால் ஓர் அடி தண்டம். இரண்டும் அதே குண்டுதான். ஏன் இப்படி?

யோசித்துப் பார்த்தேன். பந்து நகர்ந்ததை எல்லோரும் பார்க்கலாம். குழி இருக்கிறது, சாட்சி இருக்கிறது. கை நடுங்கியதா இல்லையா என்பது அடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். சில நேரம் அவனுக்கே தெரியாது. தண்டனையில்லாமல் மறு அடி கொடுத்தால், அந்த வருடம் ரிச்மண்டில் கோணலாகப் போன ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குண்டு காரணமாகியிருக்கும். வழமையான கோல்பில் நாய் குரைத்தாலும் கோச்சி கூவினாலும் தண்டனையில்லாமல் மறு அடி கிடையாது. ஏழாவது விதியும் அப்படித்தான். மறு அடி உண்டு, ஆனால் விலையோடு. ஓர் அடியைக் கொடுத்து மறு அடியை வாங்குவதா, கோணல் அடியோடு போவதா என்பதை ஆட்டக்காரனே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். குண்டு போட்டவன் ஆட்டத்தில் இல்லை, அவனுக்குத் தண்டனை கொடுக்க வழியும் இல்லை. அந்த ஓர் அடி ஆடியவன் கணக்கில்தான் ஏறும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் கிழக்கில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். கணித வினாத்தாள் நாள். கேத்திரகணிதம் வரைந்துகொண்டிருக்கும்போது தூரத்தில் ஷெல் அடித்தார்கள். ஜன்னல் கதவு அதிர்ந்தது. என் பென்சில் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டுப் போனது. அழிறப்பரால் அழித்ததில் தாள் கிழிந்தது. கையை உயர்த்தினேன். மேற்பார்வைக்கு வந்திருந்த சேர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் புதிய தாள் ஒன்றைத் தந்தார்.

"சேர், நேரம்?" என்று கேட்டேன்.

"நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான் மகன். எழுதுங்க" என்றார்.

அந்தக் கணக்கை நான் முடிக்கவில்லை. அவர்மேல் இருந்த கோபம் கன காலம் போகவில்லை. அந்த மண்டபத்தில் ஷெல் சத்தம் எல்லாருக்கும் கேட்டது என்பது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் கொழும்பில் எழுதிய பிள்ளைக்கு ஜன்னல் அதிரவில்லை. "எல்லாருக்கும் ஒன்று" என்றால் எந்த எல்லாருக்கும்?

போன வாரம் பதினோராம் ஆண்டு வகுப்பில், இரண்டாம் உலக யுத்தப் பாடத்தோடு சேர்த்து இந்த ஏழு விதிகளையும் கரும்பலகையில் எழுதினேன். ஆறு விதி வரைக்கும் சிரிப்பு. ஏழாவதுக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "குண்டு போட்டது அவனில்லையே சேர், அவனுக்கு எதுக்குத் தண்டனை?" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "தண்டனை இல்லாட்டி நான் ஒவ்வொரு அடிக்கும் குண்டு வெடிச்சதுன்னு சொல்லுவன்" என்றான். அவன் சொல்வான் என்பது எனக்கும் தெரியும். அவள் விடவில்லை. "இவன் பொய் சொல்லுவான் என்கிறதுக்காக உண்மையாப் பயந்தவன் ஏன் சேர் கட்டணும்?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாளை போய் ஐந்து நாளாகிறது. அவள் ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற அனுபவமுள்ள ஆசிரிய நண்பர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவளிடம் வாசித்துக் காட்டுகிறேன்.