உதிரியாக வந்த கணினி

பதுளையிலிருந்து பசறையைக் கடந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதை தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து செல்வது. அப்பாதையிற் செல்லும் பஸ் வண்டியில், அரிசிப் பைகளுக்கும் மரக்கறிச் சாக்குகளுக்கும் நடுவே, மடியில் ஓர் அட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு இளைஞன் ஒருவன் அமர்ந்திருப்பது இக்காலத்திற் புதுமையான காட்சியன்று. கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா என்னும் கட்டடம் நிறையக் கணினிக் கடைகள் உண்டு. பெட்டி அங்கிருந்து வந்திருக்கலாம். பதுளை நகரத்துக் கடையொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். அதனுள் முழுக் கணினி இல்லை. ஒரு கணினியின் ஓர் உறுப்பு மாத்திரமே இருக்கின்றது. இன்னோர் உறுப்பு அடுத்த மாதம் வரும். மற்றொன்றுக்குத் தீபாவளி வரை பொறுக்க வேண்டியிருக்கும். கணினி விளையாட்டுகளுக்கு ஏற்ற பொறியொன்றைக் குறைந்த செலவில் ஆக்கிக்கொள்ள விழைவோர் கையாளும் வழி இதுவே.

பெரும் விலையுள்ள பொருளொன்றைத் துண்டு துண்டாக வாங்கலாம் என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதன்று. தொலைக்காட்சிப் பெட்டியை எவரும் அவ்வாறு வாங்குவதில்லை. கைத்தொலைபேசியையும் வாங்குவதில்லை. கணினிக்கு மட்டும் இவ்வசதி எவ்வாறு வாய்த்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

இலங்கைக்கு உதிரிப் பாகங்களின் கதை புதிதன்று. இந்நாட்டின் வானொலியே அவ்வழியிற் பிறந்ததுதான். தந்தி இலாகாவின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர், முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்தார். 1923ஆம் ஆண்டில் மத்திய தந்தி நிலையத்தின் சிறியதோர் அறையிலிருந்து கிராமபோன் இசை ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டிலேயே புகையிரதம் பதுளையை எட்டியது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. புதுக் கருவி வரவழைக்கும்வரை காத்திராது, கையிற்கிடைத்த பாகங்களில் எது எதற்குப் பயன்படும் என ஆய்ந்து பொருத்திய அந்த முறை, மலையகத்து இளைஞன் இன்று செய்வதற்கு மிக அண்மையது.

எனினும் ஹாப்பர் செய்தது ஒரு நிபுணரின் வேலை. நிபுணரல்லாதவரும் உறுப்புகளைத் தெரிந்து பொருத்துவதற்கு, எவர் செய்த உறுப்பும் எவர் செய்த உறுப்போடும் இணங்க வேண்டும். அந்த இணக்கம் 1981ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கிற்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் தொடக்க விலை 1,565 டொலர். ஐ.பி.எம். அதுகாறும் தன் பொறிகளின் உறுப்புகளைப் பெரும்பாலும் தானே செய்துவந்த நிறுவனம். இம்முறை காலம் குறுகியது. ஒரே ஆண்டளவில் வேலை முடிய வேண்டியிருந்தது. ஆதலால் புளோரிடாவில் டொன் எஸ்ட்ரிட்ஜ் என்பவரின் தலைமையில் இயங்கிய சிறு குழு வெளிச்சந்தையிற் கிடைத்த உறுப்புகளையே வாங்கிச் சேர்த்தது. மூளையாகிய 8088 என்னும் செயலி இன்டெல் நிறுவனத்தினது. இயக்க மென்பொருள் மைக்ரோசொப்ட் தந்தது. பலகையில் ஐந்து செருகிடங்கள் விடப்பட்டன. அவற்றிற் செருகத்தக்க அட்டைகளைப் பிறரும் செய்யலாம் என்பதற்காக மின்சுற்றுப் படங்களே நூலாக அச்சிட்டு விற்கப்பட்டன.

ஐ.பி.எம். தன்னிடம் வைத்துக்கொண்ட பூட்டு ஒன்றே. பயோஸ் எனப்படும் சிறு நிரல் அது. கணினி விழித்தவுடன் உறுப்புகளையெல்லாம் எழுப்பி ஒன்றோடொன்று அறிமுகம் செய்துவைப்பது அதன் தொழில். நிரலின் வாசகமும் நூலில் அச்சாகியிருந்தது. ஆனால் பதிப்புரிமையால் அதனைப் பிறர் பெயர்த்தெழுத முடியாது. டெக்சாஸ் மாநிலத்தின் கொம்பாக் நிறுவனம் இதற்கொரு வழி கண்டது. ஒரு குழுவினர் அந்நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கின்றது என்பதை மாத்திரம் குறித்துக் கொடுத்தனர். மூல வாசகத்தைக் கண்ணாலும் காணாத வேறொரு குழுவினர், அக்குறிப்பை வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதினர். 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கொம்பாக் கணினியில் ஐ.பி.எம். கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இயங்கின. 1984ஆம் ஆண்டிற் பீனிக்ஸ் என்னும் நிறுவனம் இவ்வாறே ஒரு பயோஸ் எழுதிக் கேட்டவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியதும் பூட்டு பயனற்றதாயிற்று. தாய்வான் தீவிற் கிகாபைட், எம்.எஸ்.ஐ., ஆசுஸ் என நிறுவனங்கள் தோன்றித் தாய்ப்பலகைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, பலகையின் திருகாணித் துளைகள்கூட எங்கெங்கே அமைய வேண்டும் என நிர்ணயித்தது. மடுல்சீமையில் ஒருவர் ஒரே திருகாணிச் சாவியைக் கொண்டு மூன்று நாடுகளிற் செய்த உறுப்புகளை ஒரு கூட்டினுள் இணைத்துவிடக் கூடுமாயின், அதற்குக் காரணம் இவையே.

விளையாட்டு இவ்வரலாற்றிற் பின்னரே நுழைந்தது. 1993 டிசம்பரில் வெளியான ‘டூம்’ என்னும் விளையாட்டு முப்பரிமாணத் தோற்றம் காட்டியபோது, அக்காட்சிகளையெல்லாம் செயலி ஒன்றே தனியாகக் கணக்கிட்டு வரைந்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை வந்தது. வரையும் வேலையைச் செயலியின் தோளிலிருந்து இறக்கி வேறோர் உறுப்புக்குக் கொடுத்தது அது. அந்நிறுவனம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சொத்துகளைப் போட்டியாளராகிய என்விடியா வாங்கிக்கொண்டது. ஆயினும் அது தொடக்கிவைத்த பிரிவினை நிலைத்தது. விளையாட்டுக்கான கணினியில் அன்றுதொட்டுப் பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் அட்டைக்கே செல்கின்றது. செயலிக்கு அளவோடு செலவிட்டு, மிஞ்சியதை அட்டைக்கு ஒதுக்குவோரே குறைந்த பணத்தில் நிறைந்த பயனைப் பெறுகின்றனர்.

மலிவான உறுப்பு என்றால் தரங்குறைந்த உறுப்பு என்னும் எண்ணத்தை மாற்றிய ஆண்டு 1998. செலரன் 300ஏ என்னும் செயலியை இன்டெல் அவ்வாண்டு 149 டொலருக்கு விற்றது. அது 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்டது. செயலிக்கும் பலகைக்கும் இடையிலான துடிப்பு நொடிக்கு 66 மில்லியன். செயலி அதனை நாலரை மடங்காக்கிக்கொள்ளும். தாய்ப்பலகையில் அத்துடிப்பை 100 மில்லியனாக உயர்த்தியபோது, பெரும்பாலான செலரன்கள் 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்திற் சலிக்காது ஓடின. பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2 செயலிக்கு அவை விளையாட்டுகளில் ஏறத்தாழச் சமமாக நின்றன. காரணம் எளியது. இரண்டும் ஒரே தொழில்நுட்பத்தில் ஆனவை. செலரனின் இடைநினைவகம் அளவிற் சிறிதாயினும் செயலியின் முழு வேகத்தில் இயங்கியது. விலைச்சீட்டு கூறாத உண்மையை உறுப்பின் இயல்பை அறிந்தவர்கள் கண்டுகொண்டனர். குறைந்த செலவிற் கணினி பொருத்துவோர் அச்செயலியை இன்றும் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த பெருவாய்ப்பு வர இருபது ஆண்டு சென்றது. 2018 பெப்ரவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 3 2200ஜி என்னும் செயலியை 99 டொலருக்கு வெளியிட்டது. ஓரளவு வலிமையுள்ள கிராபிக்ஸ் பகுதி அதனுள்ளேயே அடங்கியிருந்தது. ஆகவே அட்டை வாங்கப் பணமில்லாதவரும் முதலிற் செயலியோடு ஆரம்பித்து, எளிய விளையாட்டுகளை ஆடியவாறே பணம் சேர்க்கலாம் என்றாயிற்று. ஏறத்தாழ அக்காலத்திலேயே விளையாட்டுகளிற் சிலவும் விலையின்றிக் கிடைக்கலாயின. ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ 2018 டிசம்பரில் இலவசமாயிற்று. 2020இல் வந்த ‘வலோரன்ட்’ தொடக்கம் முதலே இலவசம். இவ்விரண்டும் பெரிய அட்டையைக் கேட்பனவல்ல. எந்த விளையாட்டை ஆடப்போகின்றோம் என்பதை முதலில் முடிவு செய்யாது உறுப்புகளைத் தேடிச் செல்வோர் வீணே செலவழிக்கின்றனர். அணிவோன் யாரென்று அறியாமல் அளவெடுக்கும் தையற்காரனின் நிலை அவர்களுடையது.

இனி, பணத்தின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 2019 ஒக்டோபரில் வெளியான ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் என்னும் அட்டை நடுத்தரமானது. என்விடியா அதற்கு அறிவித்த விலை 229 டொலர். இலங்கையிற் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. டொலரின் பெறுமதி அப்போது ஏறத்தாழ 200 ரூபாய். வரியையும் வியாபாரியின் இலாபத்தையும் விட்டுக் கணக்கிட்டாலும், அவ்வட்டை 46 நாள் கொழுந்து பறித்த கூலி. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டது. மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாயை எட்டிற்று. சம்பளம் அதே 1,000 ரூபாய்தான். அட்டையின் விலையோ 82 நாட் கூலியைத் தாண்டிற்று. தோட்டம் கேட்கும் அளவு கொழுந்து நிறையாத நாளில் அரைப் பேர் மட்டுமே கிடைக்கும் என்பதையும், சேமலாப நிதிக் கழிவையும் சேர்த்து எண்ணினால் நாட்கள் இன்னும் நீளும். கூடையைத் தலையிற் சுமந்து சரிவில் நிற்கும் தாயின் மூன்று மாதத்தை மகன் கேட்கின்றான் என்பதே அதன் பொருள். அதனைக் கேட்கவே கூசிய பிள்ளைகளும் இருந்திருப்பர்.

உலகச் சந்தையும் அவ்வேளையிற் சாதகமாயிருக்கவில்லை. எதீரியம் என்னும் மின்னியல் நாணயத்தை ஈட்டுவதற்குக் கிராபிக்ஸ் அட்டைகள் பயன்பட்டமையால், 2017இலும் 2021இலும் அவை கடைகளிற் கிடைப்பதே அரிதாயிற்று. 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக உழைத்த அட்டைகள் பழம்பொருட் சந்தையில் வந்து குவிந்தன. ஏழைக்கு அது நல்வாய்ப்பும் ஆயிற்று, பொறியும் ஆயிற்று. அத்தகைய அட்டையில் முதலிற் தேய்வது விசிறி. அடுத்துக் காய்வது வெப்பத்தைக் கடத்தும் பசை. இரண்டையும் சிறு செலவில் மாற்றிவிடலாம். ஆனால் நினைவகச் சில்லு பழுதாயிருப்பின் மாற்றுவது கடினம். எனவே கடையிலேயே கால் மணி நேரமாவது ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுத் திரையிற் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா எனப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் வேண்டும். மலைக்கு ஏறிவிட்ட பின் திருப்பிக் கொடுப்பதற்கு இறங்கும் பஸ் கட்டணமும் ஒரு செலவு.

மடுல்சீமையைப் போன்ற மலையூருக்கு உரிய எச்சரிக்கை மற்றொன்று உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலத்தில் இந்நாட்டில் இடிமின்னல் மிகும். மலையேறி நெடுந்தூரம் வரும் மின்கம்பிகளில் மின்னழுத்தம் துள்ளுவது இயல்பு. லயன்களுக்கு மின்சாரம் வந்ததே காலந்தாழ்ந்துதான். வந்த மின்சாரத்துக்குச் சரியான நிலத்தொடுப்பு எல்லா வீடுகளிலும் இல்லை. இந்நிலையிற் பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி உறுப்பில் மிச்சம் பிடிப்பது ஆகாது. பெயரறியா மலிவு மின்வழங்கி ஒன்று எரியும்போது தனியே எரிவதில்லை. தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன் அழைத்துச் செல்வதும் உண்டு. மேற்சொன்ன 1660 சூப்பர் அட்டைக்கு நல்ல 450 வாட் மின்வழங்கி போதும். கண்ணாடிக் கூட்டுக்கும் வண்ண விளக்குகளுக்கும் செலவிடும் பணத்தை இதற்குத் திருப்பினால் பொறி நெடுநாள் வாழும். வண்ண விளக்கால் எந்த விளையாட்டும் ஒரு கணமேனும் விரைந்து ஓடியதில்லை. மழை இருண்டு வரும்போது செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது, பாட்டிமார் வானொலிப் பெட்டிக்குச் செய்த அதே காவல்தான். அதற்குச் செலவே இல்லை.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நெருக்கடி மீண்டும் வேறு வடிவில் வந்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியமையால் ரேம் விலை கடுமையாக ஏறிற்று. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் குரூசியல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. முன்னர் அட்டைக்கு ஏங்கியவர் இப்போது ரேமுக்கும் ஏங்குகின்றனர்.

ஆயினும் உதிரியாக வாங்குவதில் ஓர் ஆறுதல் இருக்கின்றது. ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.4 என்னும் செயலிப் பொருத்திடத்தை ஆண்டுக்காண்டு மாற்றவில்லை. 2017இல் விற்ற தாய்ப்பலகைகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த ரைசன் 5 5600 செயலியைப் பொருத்த முடிகின்றது. பழைய செயலியைக் கழற்றி விற்றால், வாங்குவோர் பசறையிலோ பதுளையிலோ இருப்பர். ஒருவர் கழித்த உறுப்பு மற்றொருவரின் முதல் உறுப்பாகின்றது.

இவ்வாறு பொருத்திய கூடொன்றின் பக்கப் பலகையைத் திறந்தால், பெரும்பாலும் நீளமான செருகிடம் ஒன்று காலியாகவே இருக்கும். மூடுபனியின் ஈரமும் அடுப்புப் புகையின் கரியும் உள்ளே நுழையாதிருக்க அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் முதலிற் துணிமணி, பிறகு கடைக்கடன். அந்த முற்பணமும் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழிவதே. அவற்றுக்கெல்லாம் பிறகு ஏதேனும் மிஞ்சினால், அவ்வொட்டுத்தாள் அகற்றப்படும்.