பல் போன பிளேடு

மறைமலைநகர் தொழிற்பேட்டையில் நாலு லேத், ஒரு டிரில்லிங் மிஷின் வைத்து நடத்துகிற சின்ன ஒர்க்‌ஷாப் எதற்குள் நுழைந்தாலும் வாசலை ஒட்டி ஒரு பவர் ஆக்ஸா மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். 1999-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலை இந்த ஊருக்கு வந்தது, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. பெரிய கம்பெனி வரும், போகும். இரும்பு ராடு வாங்கி அளவாக வெட்டிக் கடைந்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கு வேறு வழி கிடையாது, ஓடித்தான் ஆகவேண்டும். வந்து இறங்கும் ராடு முதலில் போவது அந்த ஆக்ஸா மிஷினுக்குத்தான். இழுக்கும்போது வெட்டும், தள்ளும்போது பிளேடைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். மேலே வெள்ளையாகக் கூலன்ட் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

நான் எழுத வந்தது அதில் மாட்டியிருக்கும் பிளேடைப் பற்றி. 14 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல அகலம், இரு முனையிலும் ஒரு ஓட்டை. மிஷினில் அதன் ஆயுள் கொஞ்ச காலம்தான். பல் மழுங்கினாலோ, இரண்டாக உடைந்தாலோ கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து புறப்பட்டு மறைமலைநகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி என்று ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகவே பல கைகளுக்குப் போய் வருஷக்கணக்கில் வேலை செய்கிறது. இந்த இரண்டாவது வாழ்க்கைதான் அதன் பெரிய வாழ்க்கை என்பது என் கட்சி.

அதற்குக் காரணம் அந்த எஃகு. அதன் பூர்விகக் கதை நம் பக்கத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மண் மூசைகளில் உருக்கு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ‘ஊட்ஸ்’ என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த இந்த இந்திய உருக்கின் மேல் ஆசைப்பட்டு லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி செய்பவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான். எஃகோடு மற்ற உலோகங்களைக் கலந்து பார்த்த சோதனைகளை இருவரும் 1820-லும் 1822-லும் வெளியிட்டார்கள். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கிலாந்து திரும்பி 1839-ல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1868-ல் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் சேர்த்தார். கடைசியில் 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகை ஏறக்குறைய உருகும் நிலைவரை சூடாக்கிப் பதம் வைத்தார்கள். அந்த 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் லேத் ஓடியது, டூலின் நுனி சிவக்கப் பழுத்தது, அப்படியும் இரும்பைச் சீவிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அதுதான் ஹைஸ்பீடு ஸ்டீல். இப்போது பரவலாகப் புழங்கும் வகையில் நூற்றுக்கு ஆறு பங்கு டங்ஸ்டன், ஐந்து மாலிப்டினம், நாலு குரோமியம், இரண்டு வனேடியம் இருக்கும்.

சாதாரணக் கார்பன் எஃகு இப்படிச் சூடு தாங்காது. பழைய அரத்தைக் கத்தியாக்கலாம் என்று கிரைண்டிங் கல்லில் வைத்தால், கொஞ்சம் அசந்தாலும் நுனியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. மறுபடி உலையில் வைத்துச் சிவக்க வைத்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதம் ஏற்றக் கொல்லரிடம் போகவேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 600 டிகிரி வரை அந்தப் பயம் இல்லை. கல்லில் அழுத்திப் பிடித்து நிறம் மாறினாலும் கடினம் குறையாது. அதனால் இந்த பிளேடுக்குக் கொல்லரும் வேண்டாம், உலையும் வேண்டாம். கரண்டு இருக்கும் இடத்தில் ஒரு கிரைண்டர் போதும், யார் வேண்டுமானாலும் தனக்கு வேண்டிய ஆயுதத்தைத் தானே தீட்டிக்கொள்ளலாம். கொல்லுப்பட்டறைகள் அருகிவரும் இந்த வட்டாரத்தில் இது எவ்வளவு பெரிய வசதி!

பிளேடு உடைவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பற்கள் ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம் என்று லேசாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் வெட்டு விழும் சந்து பிளேடின் தடிமனைவிட அகலமாக இருக்கும். பிளேடு சிக்காமல் போய்வரும். தேயத் தேய அந்தச் சாய்வு குறைந்து சந்தும் குறுகும். பாதி வெட்டில் பழைய பிளேடைக் கழற்றிவிட்டு, புதியதை அதே சந்தில் இறக்கினால் அகலமான பல் குறுகலான சந்தில் இறுகும். அடுத்த இழுப்பில் படாரென்று உடைந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு ஆபரேட்டர் அண்ணன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் இது ஒன்று. “பழைய வெட்டுல புது பிளேட விடாதடா தம்பி, ஜாபத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி.” சொன்னாலும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அப்படி உடைந்த பாதிகள்தான் பெரும்பாலும் வெளியே போகின்றன.

முதலில் எடுத்துக்கொள்வது ஒர்க்‌ஷாப்காரர்களே. கேஸ்கட் ஷீட் வெட்ட, ரப்பர் சீவ, வெட்டு ஓரத்துப் பிசிறு எடுக்க ஆளுக்கொரு துண்டு வைத்திருப்பார்கள். அடுத்து எலக்ட்ரீஷியனும் பிளம்பரும். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கை ஆக்ஸாவின் மெல்லிய 12 அங்குல பிளேடின் துண்டு. சுவரோடு ஒட்டியிருக்கும் பைப்பை அறுக்க ஃபிரேம் நுழையாத இடத்தில், ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறும் பிளேடாலேயே அறுத்துவிடுகிறார்கள். ரோட்டோரம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் பவர் ஆக்ஸா துண்டு அகலமான கத்தியாக இருக்கிறது. கைப்பிடிக்குப் பதில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். தோலின் ஓரத்தைக் காகிதக் கனத்துக்குச் சீவ அதுபோல் வேறெதுவும் வராது என்கிறார். எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லவேண்டும். நாலு பங்கு குரோமியம் துருவைத் தடுக்கப் போதாது. மீன் வெட்டிக் கழுவாமல் வைத்தால் மறுநாள் செம்மண் நிறம்தான். நெம்பினால் ஒடியும், சில்லு கண்ணில் தெறிக்கும். கிரைண்டரில் பிடிக்கும்போது கண்ணாடி போடாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

என் கண்ணுக்கு இந்த பிளேடின் உச்சம் கார்பென்டர்களின் மைக்கா கட்டர்தான். 1985-ல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கிய பிறகு காட்டாங்குளத்தூர், பொத்தேரி சுற்றிலும் ஹாஸ்டலும் ஃப்ளாட்டுமாக வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு ஃப்ளாட்டிலும் அலமாரி, கட்டில், கிச்சன் கதவு எல்லாவற்றின் மேலும் மைக்கா. எட்டடிக்கு நாலடி ஷீட், ஒரு மில்லிமீட்டர் கனம். பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்தது, மேல்முகம் மெலமின். இதை வெட்டினால் சாதாரண பிளேடின் கூர் சீக்கிரமே மொக்கையாகிவிடும். அதனால் உடைந்த ஆக்ஸா பிளேடை எடுத்து, முனையைக் கிளி மூக்குபோல் வளைவாகத் தீட்டுகிறார்கள். மூக்கின் நுனி கத்தி விளிம்புபோல் இருக்கக்கூடாது, உளிபோல் தட்டையாக இருக்கவேண்டும். அப்போதுதான் கோடு கிழிக்காமல் சுருள் எடுக்கும். அலுமினியப் பட்டையை ஷீட்டின் பளபளப்பான பக்கம் வைத்து, முட்டியால் அழுத்திக்கொண்டு, மூக்கைத் தன்னை நோக்கி இழுக்கிறார் கார்பென்டர். முதல் இழுப்பு லேசாக, வழி காட்ட மட்டும். அடுத்தடுத்த இழுப்பில் கறுப்புச் சுருள் புழுதியாக எழுகிறது. மூன்று, நாலு இழுப்பு போதும். பிறகு ஷீட்டின் ஒரு பக்கத்தை மேல்நோக்கித் தூக்கினால் கோட்டின் மேல் டப்பென்று ஒடிகிறது. ஓரத்தில் ஒரு சில்லு கிடையாது. கடையில் ரெடிமேட் கட்டர் கிடைக்கத்தான் செய்கிறது. இருந்தும் அனுபவசாலிகள் தாங்களே தீட்டியதைத்தான் எடுக்கிறார்கள். தன் கைக்கும் தன் இழுப்புக்கும் ஏற்ற கோணத்தில் தீட்டிய மூக்கு அது, நுனி போனால் ஒரு நிமிஷத்தில் மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

தீட்டித் தீட்டி இரண்டு அங்குலம் ஆனதும் காயலான் கடை. அங்கே கம்பி, தகரம், ஆணியோடு ஒரே குவியலில் போடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலைகள் இருக்கின்றன. இந்தத் துண்டு அங்கே போய்ச் சேர்ந்தால் அதன் டங்ஸ்டனும் மாலிப்டினமும் டன் கணக்கான சாதா இரும்பில் கரைந்து காணாமல் போகும். தனியாகப் பிரித்துக் கொடுத்தால் சாதா இரும்பைவிட நல்ல விலை கிடைக்கும், உலோகமும் மறுபடி டூலாக வரும். பிரித்தறிவது கஷ்டமும் இல்லை. கிரைண்டரில் தொட்டால் கார்பன் எஃகு பூவாணமாக வெடித்துச் சிதறும். ஹைஸ்பீடு ஸ்டீலில் பொறி குறைவு, மங்கலான சிவப்பில் கோடாகப் போய் அடங்கிவிடும்.

அந்தப் பொறியைப் பார்த்து எடுக்கும் வேலை இப்போது கூடிவிட்டது. புதிய பிளேடுகள் பலவும் பை-மெட்டல். வளையும் எஃகுப் பட்டையின் ஓரத்தில் பல் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீலைப் பற்றவைத்தது. மிஷினில் அது சுலபத்தில் உடையாது, ஆளுக்கு ஆபத்து குறைவு, அந்த வகையில் நல்ல மாற்றம்தான். ஆனால் பல் தேய்ந்துவிட்டால் மிச்சம் இருப்பது கூர் நிற்காத பட்டை மட்டுமே. வசதியுள்ள ஒர்க்‌ஷாப்புகள் ஆக்ஸா மிஷினையே தூக்கிவிட்டு பேண்ட்சா வாங்குகின்றன. அதன் நீள வளைய பிளேடும் இதே ரகம். முழு எஃகு பிளேடின் வரத்து குறைந்துவருகிறது என்று கார்பென்டர்கள் உணர்ந்துவிட்டார்கள். மறைமலைநகர் பக்கம் வேலைக்கு வந்தால் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் தலையை நீட்டி, “அண்ணே, பேண்ட்சா பிளேடு வேணாம், பழைய ஆக்ஸா ஒடைஞ்சா எனக்கு எடுத்து வைங்க” என்று சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள்.