பதினைந்து பைட் தமிழ்

போன மாசம் ஒடுகத்தூர் போயிருந்தேன். ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற ஊர். பீஞ்சமந்தை பக்கத்து மலைக்கிராமங்களுக்கு இந்தப் பக்கமாத்தான் ஏறணும். அக்கா பையன் தன் போன்ல என் கட்டுரை ஒண்ணைத் திறந்தான். சிக்னல் ஒரு கோடுதான். தலைப்பு வந்தது, அப்புறம் வெறும் வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா, உங்க கட்டுரை இன்னும் மலை ஏறிக்கிட்டே இருக்கு"ன்னான்.

இருபது வருஷமா மென்பொருள் எழுதுறவன். சுருக்குன்னு இருந்தது. முதல்ல பழியைத் தமிழ் மேலதான் போட்டேன்: "யூனிகோட்ல நம்ம எழுத்து கனம்."

அது உண்மையான்னு பார்க்க, கொஞ்சம் பின்னாடி போகணும்.

1990களின் கடைசியில கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு தளமும் தனக்குன்னு ஒரு எழுத்துரு வச்சிருந்தது. அதை முதல்ல இறக்கணும், இல்லேன்னா திரையில கிறுக்கல்தான். 1997ல நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் ஆளுக்கொரு முறையில, பக்கத்தோடவே எழுத்துருவையும் அனுப்ப வழி செய்தாங்க. டயல்-அப் காலத்துல அது பெரிய சுமை. ஆனா எழுத்து இலேசு. டிஸ்கியில ஒரு குறியீட்டுக்கு ஒரு பைட்தான். 'தமிழ்'ங்கிற சொல்லுக்கு 4 பைட். 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் குறியீடுகளை முன்வைத்தது. அதுவும் ஒரு பைட் கணக்குதான்.

யூனிகோட் வந்ததும் கணக்கு மாறியது. இணையத்துல புழங்குற யுடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி: அஞ்சு குறியீடு, 15 பைட். அப்போ தமிழ் கனம்தானே?

இல்லை. தமிழ்க் குறியீடு எல்லாத்துக்கும் முதல் பைட் ஒண்ணேதான். இரண்டாவது பைட்டும் இரண்டே வகைதான். திரும்பத் திரும்ப வர்றதைச் சுருக்குறதுதான் ஜிஸிப்போட வேலை. யுடிஎஃப்-8, ஜிஸிப் ரெண்டுமே பிறந்தது 1992ல. சர்வர்ல ஜிஸிப்பை இயக்கிவிட்டா, கூடுதல் கனத்துல பெரும்பகுதி வழியிலேயே கரைஞ்சிடும்.

சுருக்காமலே கணக்குப் போடுவோம். ஆயிரம் சொல் கட்டுரை தோராயமா 25 கிலோபைட். நொடிக்கு 40 கிலோபிட் வர்ற மெதுவான இணைப்புல 5 நொடி. போன்ல எடுத்து அப்படியே ஏத்தின 3 மெகாபைட் படம்? அதே இணைப்புல 10 நிமிஷம்.

என் பக்கத்துல அப்படி நாலு படம். அதுக்கு மேல வருகை எண்ணும் கருவி, பகிர்வுப் பொத்தான்கள். எல்லாத்தையும் விட வெட்கமான விஷயம், அழகுக்காக நான் சேர்த்த இணைய எழுத்துரு. அதுக்காகக் காத்திருந்து உலாவி எழுத்தைக் கொஞ்ச நேரம் மறைச்சு வச்சிருந்தது. அந்த வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் அதுதான். 1997ல வேற வழியில்லாம சுமந்த மூட்டை அது. யூனிகோட் இறக்கி வச்சதை நானே திரும்பத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

இப்போ எழுத்துருவை எடுத்துட்டேன். போன்ல இருக்கிற தமிழே போதும். படங்களைச் சின்னதாக்கி, கீழே நகர்த்தினாத்தான் வர்ற மாதிரி வச்சேன். கருவிகளையும் நீக்கிட்டேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அதே ஒரு கோடு சிக்னல்ல அக்கா பையனையே திறக்கச் சொல்லணும். இந்தக் கட்டுரைக்குப் படம் போடாததுக்கும் அதுதாங்க காரணம்.