சீகன்பால்குவின் நாளும் இராஜநாயக்கனின் நாளும்

தரங்கம்பாடின்னு சொன்னா படிச்சவங்க வாயில் முதலில் வருவது அச்சுக்கூடம்தான். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு பாதிரியார் வந்தார், தமிழ் படித்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சடித்தார். ஐந்து மதிப்பெண் கேள்வி, அத்தோடு சரி. அந்தப் புத்தகம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அதைப் படித்தவனுக்கு என்ன ஆயிற்று என்று வகுப்பில் யாரும் கேட்கவும் இல்லை, வினாத்தாளில் வரவும் இல்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

முதலில் அந்த ஜெர்மன்காரரைப் பார்த்துவிடுவோம். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682ல் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஹாலே நகரில் பிராங்கேயிடம் படித்தார். டென்மார்க் அரசன் நான்காம் பிரெடரிக் அனுப்ப, புளூட்சோ என்ற இன்னொருவருடன் கப்பலேறி 1706 ஜூலை 9ல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. டேனிஷ் கம்பெனியின் கவர்னர் ஹாசியுஸ் இவர்களை வேண்டாத விருந்தாளியாகத்தான் நடத்தினார். வியாபாரம் செய்ய வந்த இடத்தில் வேதம் சொல்ல ஆள் வந்தால் சிக்கல் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?

வெளிநாட்டில் ஊழியத்துக்கு வந்த இந்த இளைஞர் தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று 1708ல் எழுதிய கடிதம் ஒன்றில் மணிவாரியாகச் சொல்லியிருக்கிறார். காலை ஜெபம் முடிந்து 6 மணிக்கு ஞானோபதேச விளக்கம். 7 மணிக்குத் தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை தமிழ்ப் புத்தகங்கள் மட்டும்தான். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஒரு எழுத்தர். புலவர் பொருள் சொல்லுவார், புதிதாக வரும் சொல்லை எழுத்தர் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதுகூட யாராவது வேதத்தை வாசிக்க வேண்டும். பிறகு வெயிலுக்குச் சற்று ஓய்வு. மறுபடி உபதேசம், மறுபடி புத்தகம். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் அவருக்குக் கண் ஒத்துக்கொள்ளாது. அதனால் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு தமிழர் உட்கார்ந்து வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் சாப்பாடு, அன்றைய நாளைப் பற்றிய மனச்சோதனை, பாட்டு, ஜெபம், படுக்கை.

படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. தமிழ் எம்.ஏ. முடித்த நாங்கள் எத்தனை பேர் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறோம்? இரண்டே வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் பட்டியல் போட்டார். சுவடி வாங்க உள்நாட்டுக்கு ஆள் அனுப்பினார். பிராமண விதவைகளிடம் மலிவாகக் கிடைத்ததாம். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். சிவவாக்கியர் பாட்டில் அவருக்குத் தனிப் பிரியம். சாதியையும் கல்லையும் கேள்வி கேட்கிற சித்தர் ஒரு லூத்தரன் பாதிரிக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய நூலே எழுதி அனுப்பினார். ஹாலேயில் இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று மூலையில் போட்டுவிட்டார்கள். 1867ல்தான் சென்னையில் அது அச்சேறியது.

ஆனால் அந்த மணிக்கணக்கை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை அவர் பக்கத்தில் யாராவது ஒரு தமிழர் இருந்துகொண்டே இருக்கிறார். மணலில் விரலால் அகரம் எழுதக் கற்றுக்கொடுத்த கிழவர் வாத்தியார், பிள்ளைகளோடு தன் திண்ணைப் பள்ளிக்கூடத்தையே இவர் வீட்டுக்கு மாற்றினார். கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் போர்த்துக்கீசும் டேனிஷும் ஜெர்மனும் தெரிந்தவர். உதவிய குற்றத்துக்காக அவர் கவர்னரின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார், தஞ்சை நாட்டில் சிறையும் கண்டார். வாசித்தவர், பொருள் சொன்னவர், குறித்தவர் எல்லோரும் எழுத்து தெரிந்த சாதிக்காரர்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர், கூட்டிப் பெருக்கியவர், கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர் யாரும் கடிதத்தில் இல்லை. எழுத்தைச் சாதி பூட்டி வைத்திருந்த நாட்டில் வேறெப்படி இருக்கும்?

நம்மவர்கள் ஏடுகளில் தலைகாட்டுவது வேறொரு இடத்தில். 1707 மே 12ல் அந்த மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐவரும் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன் சபையின் தொடக்கம் இதுதான். விலைக்கு வாங்கப்பட்டவர்களின் தலையில் ஊற்றிய தண்ணீரில் தொடங்கியது. அடுத்த வருஷம் சீகன்பால்கு ஒரு ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டார். கவர்னர் அவரைப் பிடித்து டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார். அந்த இளைஞரின் விசுவாசம் வெறும் பேச்சல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். நான் அவரைக் குறைசொல்ல வரவில்லை.

அவரால் முடியாதது ஒன்று இருந்தது. தரங்கம்பாடி 1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த ஒரு துண்டு நிலம். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. பாதிரிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. 1709ல் சீகன்பால்கு நம்ம ஊர் உடை உடுத்தி உள்ளே போய்ப் பார்த்தார். உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. மாயவரம், கும்பகோணம், எங்கள் தாராசுரம், அதற்கு மேற்கே தஞ்சாவூர் என்று போகிற காவிரி நாடு முழுவதும் அவருக்கு மூடிய கதவு. 1719 பிப்ரவரியில், 36 வயதில், உடம்பு தேய்ந்து செத்துப்போனார். அந்தக் கதவு திறக்கவில்லை.

புத்தகம் மட்டும் போனது. 1714ல் அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் கைமாறிக் கைமாறித் தஞ்சை மன்னரின் படையில் இருந்த ஒரு சிறு அதிகாரியிடம் வந்து சேர்ந்தன. அவர்தான் இராஜநாயக்கன். பிறந்தது 1700ல். பறையர். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், படையில் இருந்தவர்களிடையே இப்படிப் பெயர்கள் புழங்கியவைதான். 1720களில் காவிரி டெல்டாவில் ஒரு பறையர் வாளும் வைத்திருந்தார், தமிழும் வாசித்தார். 'அவங்களுக்கு எழுத்து ஏது' என்று இன்றும் பேசுகிற ஆட்கள் இதை இரண்டு தரம் படிக்கட்டும்.

வாசித்தவர் சும்மா இருக்கவில்லை. 1727ல் கூட்டாளிகளோடு தரங்கம்பாடிக்கு வந்தார். பாதிரிகளோடு பேசினார், வாதாடினார், லூத்தரன் சபையில் சேர்ந்தார். பிறகு படை உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தஞ்சை நாட்டில் உபதேசியாரானார். வெள்ளைக்காரப் பாதிரி கால் வைக்க முடியாத மண்ணில் ஊர் ஊராக நடந்து புத்தகம் வாசித்துக் காட்டியது இவரும் இவர் மாதிரி ஆட்களும்தான். கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து அடி உதை வந்தது, குடும்பமும் அதற்குத் தப்பவில்லை. அது வேதச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். ஏலாக்குறிச்சியிலிருந்து வீரமாமுனிவர் லூத்தரன்காரர்களை மறுத்து நூல்கள் எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் உரைநடையில் மோதிக்கொண்டார்கள், இராஜநாயக்கன் முதுகில் வாங்கினார்.

அவருடைய ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் குளத்தில் இவரை இறங்க விட்டார்கள், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, ராத்திரி எந்தத் திண்ணையில் படுத்தார்? மணிவாரியாக எழுதிய கடிதம் எதையும் நான் படித்ததில்லை. தாராசுரத்தில் எங்கள் தெரு ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருக்கள் எங்கள் அப்பா காலத்திலும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு அவருடைய நாளை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. சீகன்பால்குவுக்குத் தரங்கம்பாடி வெளிநாடு. இராஜநாயக்கனுக்குப் பிறந்த நாட்டிலேயே பாதித் தெரு வெளிநாடு.

இனி 1733க்கு வருவோம். சபை பெருகிவிட்டது, ஒரு தமிழருக்கே குருப்பட்டம் கொடுப்பது என்று மிஷன் தீர்மானித்தது. தகுதியானவர்கள் என்று பேசப்பட்டவர்களில் இராஜநாயக்கனும் ஒருவர். துணிச்சலிலோ உழைப்பிலோ யாருக்கும் சந்தேகமில்லை. பட்டம் கிடைத்தது ஆரோனுக்கு. கடலூர்க்காரர், வெள்ளாளர். 1733 டிசம்பர் 28ல் அவர் இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குருவானார். 1741ல் அடுத்த பட்டம் தியோகுவுக்கு. அவரும் வெள்ளாளர்.

இராஜநாயக்கனுக்கு ஏன் இல்லை? பாதிரிகள் காரணத்தை ஒளிக்கவில்லை. எங்களுக்கு அவர் அருமையானவர்தான், ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறித்தவர்களுக்கு நற்கருணையின் மீதே மதிப்புக் குறைந்துவிடும் என்ற பொருள்பட எழுதினார்கள். கிறிஸ்துவின் சரீரமும் ரத்தமும் என்று நம்புகிற அப்பமும் ரசமும் ஒரு பறையர் கை பட்டால் தாழ்ந்துபோகும்! கோயில் கருவறையில் சொல்லுகிற நியாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்தச் சபைக்குள் உட்காரும் முறையும் இதற்கு ஒத்தேதான் இருந்தது. 1718 அக்டோபரில் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடி ராஜா வீதியில் நிற்கிறது. பீடத்துக்கு முன்னால் சீகன்பால்குவின் கல்லறை. அந்த ஆலயத்தில் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம், நடுவே இடைவெளி. கத்தோலிக்கரும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போக மாட்டோம் என்று குருக்கள் வெளியே நின்றதைத் தடுக்க 1704ல் புதுச்சேரியில் தூர்நோன் ஆணை போட வேண்டியிருந்தது. அது நடக்காமல் 1744ல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் பறையருக்கென்று தனிக் குருக்களை ஏற்றுக்கொண்டார்.

நூறு வருஷம் கழித்தும் கதை அதேதான். தஞ்சையில் புதிதாக வந்த பாதிரிகள் எல்லோரையும் கலந்து உட்காரச் சொன்னபோது, 1829ல் அதைக் கொடுமை என்று எழுதிக் கண்டித்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகளை நம் தெருக்களிலும் உருகிப் பாடுகிறார்கள், பாடட்டும். அவர் யாருக்காக வாதாடினார் என்பதையும் தெரிந்துகொண்டு பாடட்டும். 1833ல் பிஷப் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று உத்தரவிட்டார். வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதியைப் பொறுத்துப் போனதால் அங்கே போய் ஒதுங்கினார்கள்.

இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து 1771ல் இறந்தார். பட்டம் தரவில்லை என்று வேலையை விடவில்லை. இதைப் பொறுமை என்று புகழ்ந்து ஒரு பிரசங்கம் செய்யலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விட்டுவிட்டுப் போக அவருக்கு வேறு சபை எது இருந்தது?

பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்று தரங்கம்பாடியின் 300ஆம் ஆண்டு விழா நடந்த 2006ல் ஒரு நண்பர் கேட்டார். அவர் கிறித்தவர், நல்லவர். அவருக்கு நான் சொன்ன பதில் 1950ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அதில் இருந்தது. சீக்கியருக்காக 1956லும் பௌத்தருக்காக 1990லும் திருத்தினார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திருத்தவில்லை. உங்கள் மதத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்கிறார்கள். சாதி இல்லாத மதத்தில்தான் 1733ல் இராஜநாயக்கனின் கை நற்கருணைக்கு ஆகாமல் போனது. அதை எதிரிகள் எழுதிவைக்கவில்லை, மிஷனே எழுதிவைத்திருக்கிறது. தலித் கிறித்தவர் உரிமைக்காக மனு எழுதுகிற தோழர்கள் இந்த ஆண்டையும் பெயரையும் முதல் பக்கத்தில் போட வேண்டும். கூடவே, இன்றும் தனிக் கல்லறை வைத்திருக்கிற சபைகளிடமும் அதே மனுவின் ஒரு நகலைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தெருவில் வேதக்கார வீடுகள் சில உண்டு. அதில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். அண்ணனிடம் இருப்பது பட்டியல் சாதிச் சான்றிதழ். தம்பி பள்ளிக்கூடத்தில் சேரும்போது கிறித்தவப் பெயரைச் சொல்லிவிட்டதால் அவனுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். போன வருஷம் அந்த அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"பேரு ரெண்டு ரெண்டா வச்சிருக்கோம் தம்பி. கோயிலுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. சின்னவன் விவரம் தெரியாம கோயில் பேரை ஆபீசுல சொல்லிட்டான். ஆனா ஊருல ரெண்டு பேரையும் ஒரே பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க."