கயிற்றின் மறுமுனை

மண்ணூர்பேட்டையில் பாறை இல்லை. பெயரிலேயே மண்தான் இருக்கிறது. பாடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இடையில், லேத்தும் லாரியும் டீக்கடையுமான இந்த ஊரில் ஒருவனுக்குப் பாறை ஏறும் ஆசை வந்துவிட்டால், பாறைக்கு வழி உண்டு. பல்லாவரத்துக்கோ செஞ்சிக்கோ பஸ் ஏறினால் போதும். கிடைக்காதது கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள். பாறை ஏறுதலின் சரித்திரமே இந்த இரண்டாவது ஆளின் சரித்திரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சிகரம் தொட்டவர்களின் பட்டியலாக மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

நம் மொழியில் பாறை ஏறியவன் முதலில் தேனுக்காக ஏறினான். அவன் கால்வைத்து ஏறும் மூங்கில் ஏணிக்குச் சங்க காலத்தில் ‘மால்பு’ என்று பெயர். குறுந்தொகையின் 273ஆம் பாட்டில் ஒருவன், மால்பு பழையது என்று அறியாமல் மலைத்தேனுக்கு ஏறிவிடுகிறான். காதலைச் சொல்லும் பாட்டில் உவமையாக வந்து போகிறவன் அவன். ஆனால் கற்றுக்குட்டியின் பிழை இன்னதென்று அவனிடம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. துணிச்சலில் அவனுக்குக் குறைவில்லை. ஏறுமுன் ஏணியைச் சோதிக்கவில்லை; சோதிக்கச் சொல்ல அவனோடு யாரும் வந்ததாகவும் பாட்டில் இல்லை.

நீலகிரியில் பாறைத்தேன் எடுக்கும் குறும்பர் இந்தப் பிரச்சினையை உறவைக் கொண்டு தீர்த்தார்கள். காட்டுக்கொடியால் ஆன ஏணியில் ஒருவன் செங்குத்துப் பாறையில் தொங்கும்போது, மேலே அதைக் காத்து நிற்பவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் உடன்பிறந்தவன். காரணம் சுலபமானது: தன் சகோதரியை எவனும் விதவையாக்க மாட்டான்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் மலையேற்றம் பொழுதுபோக்கானபோது கயிற்றில் அந்நியர்கள் சேர்ந்தார்கள். 1865 ஜூலை 14இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட ஏழு பேர், அதற்குச் சில நாட்களுக்கு முன் அடிவாரத்து ஊரில் அவசரமாகக் கூடிய குழு. அவர்களில் ஹேடோ என்ற 19 வயது இளைஞன் அநுபவமற்றவன். இறங்கும்போது அவன் வழுக்க, கூட மூன்று பேர் போனார்கள். நடுவில் கயிறு அறுந்ததால் மற்ற மூவர் பிழைத்தார்கள். கைவசம் இருந்தவற்றில் பலவீனமான கயிறு அங்கே கட்டப்பட்டிருந்தது பிற்பாடு தெரிந்தது. வேண்டுமென்றே அறுத்தான் என்ற வதந்தி, பிழைத்த மூத்த வழிகாட்டியான டாக்வால்டரைக் கடைசிவரை விடவில்லை. மைத்துனன் மேல் எழ முடியாத சந்தேகம் அந்நியன் மேல் உடனே எழுந்துவிட்டது.

1940களில் நைலான் கயிறு வந்தது. விழுகிறவனின் வேகத்தை அது நீண்டு கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஆனால் கயிறு தானாகப் பிடிப்பதில்லை. 1953இல் எவரெஸ்டின் பனியருவியில், வெடிப்புக்குள் விழுந்த ஹில்லாரியைக் கயிற்றில் நிறுத்தியவர் டென்சிங். அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது களப்பயிற்சிக்கு அவரே பொறுப்பேற்றார். முன்பு உறவு செய்துவந்த காரியத்தை இப்போது பயிற்சி செய்ய வேண்டியிருந்தது.

கற்றுக்குட்டி இன்று கற்பதும் அதுதான். எட்டு வடிவ முடிச்சு, இடுப்புப் பட்டை, கயிற்றை நிறுத்தும் கையை எக்காரணம் கொண்டும் எடுக்காமலிருப்பது. தரையை விட்டு எழும்புமுன் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்க்கிறார்கள். ‘பிடிச்சிருக்கியா?’ ‘பிடிச்சிருக்கேன்.’ ‘ஏறட்டுமா?’ ‘ஏறு.’ ஆயிரம் முறை ஏறியவனும் இதை விடக்கூடாது என்பது விதி. அந்நியனை அரைநாள் மைத்துனனாக்கும் சடங்கு இது.

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. அங்கே கயிறு இல்லை. ஆனால் கேள்வி அதேதான். ஆபத்து வரும்போது எனக்கு யார், நான் யாருக்கு? அனுமதிச் சீட்டில் இதற்குப் பதில் இராது.

மண்ணூர்பேட்டைக்காரனுக்குச் சொல்ல இவ்வளவுதான். எத்தனை உயரம் ஏறியிருக்கிறாய் என்று கேட்கிறவனை விட்டுவிடு. முடிச்சைக் காட்டு என்று கேட்கிறவனோடு போ. அவன் ஏறும்போது கீழே நின்று பிடிக்க முதலில் கற்றுக்கொள். துணை தேடுகிறவனுக்கு வேறு தகுதி கிடையாது.