பொலன்னறுவைக் கல்: ஒட்சிசன் அளவீட்டை மீள வாசித்தல்

2012 டிசெம்பர் 29 மாலை பொலன்னறுவை வானில் தீப்பந்து தோன்றியதும், அரலகங்விலப் பகுதியில் பொறுக்கிய கற்கள் சில வாரங்களுக்குள் கரிமக் காண்ட்ரைட்டு என்று வகைப்படுத்தப்பட்டதும் துறையினர் அறிந்தவை. விவாதம் முழுவதும் கல்லினுள் தென்பட்ட டயட்டம் ஓடுகளையே சுற்றிவந்தது. ஆனால் ஓடு எங்கிருந்து வந்தது என்று கேட்குமுன் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு முன்வைக்கப்பட்ட மிக வலுவான சான்று ஒட்சிசன் சமதானி அளவீடு. அளவீட்டை நான் ஐயுறவில்லை; அதை வாசித்த விதத்தையே மறுக்கிறேன்.

நியமக் கடல்நீரோடு ஒப்பிட, இக்கல்லில் ஒட்சிசன்-18 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 17.8, ஒட்சிசன்-17 ஏறத்தாழ 9.0 மிகை, புவிக் கோட்டிலிருந்து விலகல் −0.33 அளவில். 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் விண்கல்லிலும் அதன் வகையினவற்றிலும் ஒட்சிசன்-18 மிகை 16, 17 என்று வருவதால், இரண்டும் ஓரினம் எனக் கொள்ளப்பட்டது. ஆனால் விண்பொருளைப் பிரித்துக் காட்டுவது ஒட்சிசன்-18 அல்ல, கோட்டிலிருந்து விலகலே. படிவுச் சிலிக்காவிலும் களிமண்ணிலும் 17.8 வியப்பான எண் அன்று. ஓர்கேய் வகையின் விலகலோ நேர்க்குறி கொண்டது, ஏறத்தாழ +0.4, இங்கே எதிர்க்குறி. ஒட்சிசன்-18 இவ்வளவு மிகையாக உள்ள பொருளில், கோட்டின் சாய்வைத் தெரிவதே விலகலை மாற்றிவிடும்: 0.52 என்ற சாய்வில் எளிய கணக்கு −0.29 தருகிறது, 0.5305 என்ற சாய்வில் மடக்கைக் கணக்கு −0.43 தருகிறது. எப்படிக் கணித்தாலும் குறி மாறவில்லை. இதே எதிர்க்குறியும் ஏறத்தாழ இதே அளவும் கொண்ட ஒட்சிசன் நமக்கு மிக அருகில் இருக்கிறது: நாம் மூச்சிழுக்கும் காற்று. அதன் ஒட்சிசன்-18 மிகை ஏறத்தாழ 24. திறந்த வெளியில் உருகும் சிலிக்கா காற்றின் ஒட்சிசனை ஏற்றுக்கொள்ளும். ஆகவே இவ்வெண்கள், தரையில் காற்றுப்படச் சூடேறிய புவிப்பொருளுக்கே கூடுதலாகப் பொருந்துகின்றன என்பேன். சூடேற்றியது மின்னலா, சூளையா என்பதை இவ்வெண்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது.

கனிமங்களும் அப்பக்கமே சாய்கின்றன. படிகமில்லாச் சிலிக்கா, குவாட்சு, கிறிஸ்டோபலைட்டு, அனோர்தைட்டு என்ற சேர்க்கை கடுஞ்சூட்டின் அடையாளம். ஓர்கேய் வகையோ தாழ்ந்த வெப்பநிலையில் நீரால் மாற்றமுற்ற களிக்கனிமங்களால் ஆனது. கிறிஸ்டோபலைட்டு வேறு சில விண்கற்களில் உண்டே எனலாம். உண்டு, ஆனால் அவை இவ்வகை அல்ல. அடர்த்தி நீரினும் குறைவு என்பதும் உதவாது: ஓர்கேய் கல்லே கன சென்ரிமீற்றருக்கு 1.6 கிராம் அளவு. 2008 செப்டெம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த கல் எல்எல்6 எனப் பெயர் பெற்றது. அத்தகைய பெயருக்கு ஒலிவின், பைரொக்சீன் கனிமங்களின் இரும்பு விகிதமே ஆதாரம். அந்த வழக்கத்தை இங்கே மட்டும் தளர்த்தக் காரணமில்லை.

தீப்பந்தைப் பலர் பார்த்தார்கள் என்பது மெய். ஆனால் அது கல்லுக்குச் சாட்சி ஆகாது. சேகரித்த 628 துண்டுகளில் மூன்றே தேறின என்பதே, அங்கு எந்தக் கல்லும் கைக்கு அகப்படும் என்பதைக் காட்டுகிறது. புத்தளம் கரையின் கண்டக்குழி போன்ற மணல்வெளியில், கைப்பிடியளவு கருங்கல் கிடந்தாலே அதை யார் கொணர்ந்தார் என்று கேட்க வேண்டியிருக்கும். பாலைவெளிகளில் விண்கல் தேடுவோர் நம்புவதும் இதைத்தான், உப்புக்காற்று இரும்பைத் தின்னும் குறை கண்டக்குழிக்கு இருந்தபோதும். செங்கல்லும் ஓடும் சூளைக்கழிவும் புதைந்த பழந்தலைநகர்ப் பிரதேசத்தில் அந்த வசதி இல்லை. குளங்களும் வாய்க்கால்களும் நிறைந்த அம்மண்ணில், நுண்துளைக் கல்லுக்குள் நன்னீர் டயட்டம் புகுந்தது விளக்கம் வேண்டாத செய்தி.

புதிதாய் விழுந்த கல்லில், விண்வெளிக் கதிர்கள் உண்டாக்கிய சோடியம்-22 இருந்திருக்கும். அதன் அரைவாழ்வு 2.6 ஆண்டே ஆதலால் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் போய்விட்டது. அலுமினியம்-26க்கு அரைவாழ்வு ஏழு இலட்சம் ஆண்டு. காமாக் கதிர் எண்ணியால் கல்லை உடைக்காமலே அதைத் தேடலாம். மாதிரிகளை வைத்திருப்போர் அந்த அளவீட்டுக்கு அவற்றைத் தர வேண்டும். அதுவரை பொலன்னறுவைக் கல்லைக் காண்ட்ரைட்டு வரிசையில் சேர்க்கலாகாது.